மணி அடிக்க முதல் போட்ட சீட்டு

என் மனுசன் எதையும் ஆற அமரச் செய்கிறவர். கலியாணம் செய்த புதிதில் எனக்கு அது பெரிய எரிச்சல். இத்தாலிக்கு, பலேர்மோவுக்கு வந்த பிறகு அந்தக் குணத்துக்கு இடமே இல்லாமல் போனது. அவர் படிக்கட்டுக் கழுவும் கட்டடத்தில் சிஞ்ஞோரா என்கிற வீட்டம்மா மேலே நின்று கத்துவாள், பஸ்ஸில் பின்னால் நிற்பவன் தள்ளுவான், பொலிஸ் கந்தோரான கொஸ்தூராவில் வதிவிட அனுமதி பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கப் போனால் கண்ணாடிக்கு அங்கால் இருப்பவன் கடிகாரத்தைப் பார்ப்பான். வியாழன் பின்னேரம் மட்டும் அவரை ஒருவரும் விரட்ட முடியாது. அன்றைக்கு எங்களுக்கெல்லாம் அரைநாள் லீவு. வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னால் எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் வீட்டில் ஆண்கள் நாலு பேர் ரம்மி விளையாடுவார்கள். நான் குசினியில் இருந்து வீட்டுக்காரரின் மனைவியோடு தேத்தண்ணி ஊற்றுவேன்.

எறிகிற சீட்டு ஒவ்வொன்றும் என் மனுசனுக்கு மனதில் நிற்கும். யார் எதை எடுத்தான், எதைக் கழித்தான் என்று நினைத்து நினைத்துத்தான் தன்னுடையதை இறக்குவார். அதனால்தான் வெல்லுவார். தோற்றவன் காதில் உடுப்புக் கிளிப் ஒன்றை மாட்டிக்கொண்டு அடுத்த ஆட்டம் ஆடவேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். மற்ற மூன்று பேருக்கும் காது சிவந்துபோய்க் கிடக்கும். இவர் காதை ஒரு கிளிப்பும் தொட்டதில்லை. பலேர்மோவில் அவர் நிமிர்ந்து இருந்ததை நான் பார்த்த ஒரே கதிரை அதுதான்.

தோற்கிறவர்களுக்கு, ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்ற கதைதான். "ஆமையோடை விளையாடி விடிஞ்ச மாதிரித்தான்" என்று வீட்டுக்காரர் புறுபுறுக்கத் தொடங்கினார். ஒரு வியாழன் மேசை நடுவில் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. பழமில்லை, பழத்தின் உருவத்தில் செய்த, பாஸ்தா அவிக்கும்போது நேரம் பார்க்க முறுக்கி வைக்கிற மணி. வீட்டுக்காரர் சமையல் வேலை செய்யும் இடத்துச் சிஞ்ஞோரா புதிது வாங்கிவிட்டுப் பழையதைக் கொடுத்திருக்கிறாள்.

"இனி ஆளுக்கு ஒரு நிமிசம். மணி அடிச்சால் பக்கத்திலை இருக்கிறவன் உங்கடை கையிலை இருந்து ஒண்டை இழுத்துப் போடுவான்."

நான் குசினி வாசலில் நின்று கேட்டேன். "இதென்ன சட்டம் அண்ணை?"

"எல்லாருக்கும் ஒரே சட்டந்தானே தங்கச்சி. நீர் தேத்தண்ணியைப் பாரும்."

ஒரே சட்டம்தான். ஆனால் முறுக்குகிற கை அவருடையது. என் மனுசனின் முறை வரும்போது அந்தக் கை கொஞ்சம் குறைவாகத்தான் முறுக்கும். அன்றைக்கு மணி அடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்திலிருந்தவன் இவர் சேர்த்து வைத்திருந்த ராணியையும் ராசாவையும் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தான். மூன்று பேரும் வயிறு நோகச் சிரித்தார்கள். முதல் கிளிப்பை வீட்டுக்காரரே மாட்டிவிட்டார், மெதுவாக, ரசித்து. அந்தச் சுடுதண்ணிக் கேத்தலை அவர் தலையில் கவிழ்க்க எனக்குக் கை துடித்தது.

"இனி அங்கை போகவேண்டாம்" என்று வீட்டில் சொன்னேன்.

"பழகினால் சரி" என்றார்.

அடுத்த வியாழன் என்னால் நம்ப முடியவில்லை. இவர் சீட்டை எடுத்த கையோடு எறிகிறார். மணி முறுக்க முன்னமே எறிகிறார். "அண்ணை இப்பதான் ஆம்பிளை மாதிரி விளையாடுறார்!" என்று ஒருவன் கை தட்டினான். மற்றவன் முதுகில் தட்டினான். அவர்களுக்கு வாயெல்லாம் பல். தாங்கள் தேடும் சீட்டு தானாக வந்து காலடியில் விழுந்தால் யாருக்குத்தான் சந்தோசம் வராது? பின்னேரம் முடியும்போது இவருடைய இரண்டு காதிலும் கிளிப் தொங்கியது. இவரும் அவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். இவர் இவ்வளவு நல்லாய் இதுவரை விளையாடியதில்லை என்று வீட்டுக்காரர் படிவரைக்கும் வந்து வழியனுப்பினார்.

வியா மக்வேதா வீதியில் கடைகளைப் பார்த்தபடி நடந்தோம். இவருடைய காது வீங்கியிருந்தது.

"இண்டைக்கு ஒருக்காலும் மணி அடிக்கேல்லை, கண்டனீரோ?" என்றார். பரீட்சை பாஸான பிள்ளையின் முகம்.

"கண்டனான். அந்தக் கடைசி ஆட்டத்திலை ஏன் ஜோக்கரை எறிஞ்சனீங்கள்?"

அவர் நின்றார். "ஜோக்கரோ?"

"ஓம். எறியேக்கை பாக்கேல்லையே?"

"பாக்கேல்லை" என்றார். "பாத்தால் மணி அடிச்சிடுமெல்லோ."

என் கோபம் யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை. அவர் வேகமாக நடக்கத் தொடங்கினார். கலியாணம் செய்த நாளிலிருந்து அவருக்காக நான்தான் நின்று நின்று நடந்திருக்கிறேன். அன்றைக்கு அவருக்குப் பின்னால் நான் ஓடவேண்டியிருந்தது.