டேங்க் திறந்து கிடந்த சனிக்கிழமை

என்னால் சும்மா உட்கார முடியாது. பெருமைக்குச் சொல்லவில்லை, அது ஒரு கோளாறு. ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்தால் எதிரே ஆடுகிற நாற்காலியின் திருகை முடுக்கலாமா என்று கை துறுதுறுக்கும். கல்யாண வீட்டில் பந்தி தாமதமானால் நானே இலை போட எழுந்துவிடுவேன். என் மனைவி இதற்கு நேர்மாறு. யார் எவ்வளவு நேரம் காக்கவைத்தாலும் முகத்தில் ஒரு சுளிப்பு இருக்காது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி என்று எனக்குப் பேர் வைத்திருந்தாள். அந்தப் புரட்டாசி சனிக்கிழமை அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அன்று மதியத்துக்குள் அவளுடைய பரிசோதனை முடிவு வரவேண்டும். மார்பில் ஒரு கட்டி. தஞ்சாவூரில் ஊசி போட்டுச் சதை எடுத்து அனுப்பியிருந்தார்கள். முடிவு வந்ததும் தானே போனில் கூப்பிடுவதாக டாக்டர் சொல்லியிருந்தார். சாதாரணக் கட்டியா, மற்றதா. மற்றதன் பெயரை எங்கள் வீட்டில் அந்த வாரம் யாரும் உச்சரிக்கவில்லை.

குத்தாலத்தில் எனக்கு உர மருந்துக் கடை. புரட்டாசி என்றால் ஒரு பக்கம் குறுவை அறுவடை, இன்னொரு பக்கம் சம்பா நடவு. கடையில் நிற்க இடம் இருக்காது. அன்றைக்குக் கடையைத் திறக்கவில்லை. சீசனில் கடையை அடைக்கிறவனுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்றுதான் ஊர் நினைக்கும். நினைக்கட்டும். ஆனால் வீட்டில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டே இருப்பது என்னால் ஆகாத காரியம். அதனால் காரின் பின்சீட்டைக் கழற்றினேன்.

கார் பழையது. அதற்கு முந்தின சனிக்கிழமை திருநள்ளாறு போய்வந்தோம். சனி பார்வை விலகட்டும் என்று அவள் எள் விளக்குப் போட்டாள். அவ்வளவு தூரம் போய்விட்டு பக்கத்தில் இருக்கிற காரைக்காலில் பெட்ரோல் போடாமல் திரும்புகிறவன் எங்கள் பக்கத்தில் கிடையாது. அங்கே விலை குறைவு. நாகப்பட்டினத்துக்காரனும் மாயவரத்துக்காரனும் ஏதாவது ஒரு சாக்கை வைத்துக்கொண்டு அங்கே போய் டேங்கை நிரப்பிக்கொண்டு வருவான். நானும் நிரப்பினேன். பெட்ரோல் ஊற்றுகிற துப்பாக்கி தானாக நின்ற பிறகும், வண்டியைக் கொஞ்சம் ஆட்டி, இன்னும் கொஞ்சம் விடுப்பா என்று கழுத்து வரைக்கும் ஊற்றச் சொன்னேன். அதில் எனக்கு அப்படி ஒரு திருப்தி.

வரும் வழியிலேயே வண்டி இருமத் தொடங்கியது. வீட்டுக்கு வந்து அணைத்ததோடு சரி, மறுநாள் எழுந்திருக்கவில்லை. சாவியைத் திருப்பினால் முதலில் பின்சீட்டுக்கு அடியில் வண்டு ரீங்கரிப்பது மாதிரி ஒரு சத்தம் வரும், பெட்ரோல் பம்பு வேலை செய்கிற சத்தம். அது இல்லை. டேங்குக்குள் முழுகிக் கிடக்கிற அந்தப் பம்பு செத்துப்போயிருந்தது. மெக்கானிக் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்துவிட்டு, வெள்ளிக்கிழமை பட்டுக்கோட்டையில் மாமியார் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டார். திங்கட்கிழமை வந்து பார்ப்பதாகப் போனில் சொன்னார்.

இதற்கு நடுவில் சதை எடுக்கத் தஞ்சாவூருக்கு பஸ்ஸில்தான் போனோம். திரும்பி வரும்போது நல்ல கூட்டம். பிளாஸ்திரி ஒட்டிய பக்கம் யார் முழங்கையும் இடித்துவிடாமல், நான் கம்பியைப் பிடித்து அவளுக்கு முன்னால் வேலி மாதிரி நின்றுகொண்டு வந்தேன். எனக்கு அவமானமாக இருந்தது. கொட்டகையில் கார் நிற்கிறது, பெண்டாட்டி பஸ்ஸில் நிற்கிறாள். வெள்ளிக்கிழமை மாயவரம் போய்ப் புதுப் பம்பு வாங்கி வந்துவிட்டேன்.

வயலில் போர் மோட்டாரை எத்தனை தடவை ஏற்றி இறக்கியிருக்கிறேன். தண்ணீரில் முழுகிக் கிடக்கிற மோட்டாரைப் பிரித்து மாட்டுகிறவனுக்குப் பெட்ரோலில் முழுகிக் கிடக்கிறது எம்மாத்திரம் என்று நினைத்தேன். பேட்டரி ஒயரைக் கழற்றினேன். சீட்டுக்கு அடியில் இருந்த தகர மூடியைத் திறந்து, மண்ணைத் துடைத்து, ஒயரையும் குழாய்களையும் எடுத்துவிட்டு, பம்பை இறுக்கிப் பிடித்திருந்த பெரிய வளையத்தை மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டித் திருப்பினேன். அது இளகியதும், வரப்புக்கு மேலே தண்ணீர் வழிகிற மாதிரி பெட்ரோல் நாலாபக்கமும் வழிந்தது. கழுத்து வரைக்கும் நிரப்பிய மகராசன் நான்தான் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

கொட்டகை வீட்டோடு ஒட்டியது. அடுப்படி ஜன்னல் அதற்குள்தான் திறக்கும். வாடை உள்ளே போன வேகத்தில் மனைவி வாசற்படிக்கு வந்தாள். ஈரக்கூந்தலை முடிந்திருந்தாள், கையெல்லாம் மாவு. அப்போதுதான் எனக்கு இரண்டாவது விஷயமும் உறைத்தது. அவள் மாவிளக்குப் போட வேண்டிக்கொண்டிருந்தாள். பச்சரிசியை இடித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்து, குழி செய்து நெய் ஊற்றித் திரி போட்டுத் தயாராக வைத்திருந்தாள். ஏற்றிக் கும்பிட்ட பிறகுதான் பச்சைத் தண்ணீர் பல்லில் படும்.

"போன் வர்றதுக்குள்ள ஏத்திடணும்னு நெனச்சேன்" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். பத்து அடி தள்ளித் திறந்த டேங்கை வைத்துக்கொண்டு எப்படி ஏற்றுவது. வண்டியைத் தெருவுக்குத் தள்ளிவிடலாம் என்றால் தெரு முழுக்க ஈர நெல்லைக் காயப் போட்டிருந்தார்கள். அடுத்தவன் நெல் மேல் பெட்ரோல் ஒழுகுகிற வண்டியை ஏற்றினால் அதற்குத் தனிப் பஞ்சாயத்து. திரும்ப மூடிவிடலாம் என்று வளையத்தை முடுக்கிப் பார்த்தேன். உள்ளே இருந்த ரப்பர் ஊறிப் பெருத்துவிட்டிருந்தது, பழைய இடத்தில் உட்கார மாட்டேன் என்றது. புதுப் பம்பைப் புது ரப்பரோடு இறக்கி மூடினால்தான் உண்டு. அதற்குப் பெட்ரோலைக் குறைக்க வேண்டும்.

எதிர்வீட்டு பாய் வாடைக்கு ஓடிவந்தார். பல வருஷம் சவுதியில் கடை வைத்திருந்துவிட்டு வந்தவர், என்னைவிடப் பயந்தவர். பீடியைத் தெருவிலேயே அணைத்துவிட்டுத்தான் வந்தார். நான் பிளாஸ்டிக் தண்ணீர் கேனை எடுத்து வைத்திருந்ததைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, தன் வீட்டிலிருந்து டீசல் வாங்குகிற தகர கேன்களைக் கொண்டுவந்தார். என் சட்டைப் பையில் இருந்த போனைத் தானே எடுத்து மனைவியிடம் கொடுத்து உள்ளே கொண்டுபோகச் சொன்னார். அந்த நாளில் என்னிடமிருந்து பிடுங்கக் கூடாத ஒரே பொருள் அது. ஆனால் அவர் செய்தது சரி. போன் ஃப்ரிட்ஜின் தலைக்குப் போனது.

கொத்தனார் மட்டம் பார்க்கிற லெவல் டியூபின் ஒரு முனையை டேங்கில் விட்டு மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினேன். வயலுக்கு டீசல் இஞ்சின் வைத்திருந்த காலத்துப் பழக்கம். ஒரு வாய் நிறைய பெட்ரோல் ஏறிவிட்டது. துப்பினேன், கொப்பளித்தேன், மூக்கு வழியெல்லாம் எரிந்தது. பாய் சிரிக்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு டியூபில் பெட்ரோல் இறங்க ஆரம்பித்தது, நூலாக. எனக்கு அதைக் கையால் இழுத்துவிடலாமா என்றிருந்தது. ஒரு கேன் நிறைந்தது. அவர் அதைக் கொல்லைக்குத் தூக்கிப் போய் மரத்தடியில் வைத்து ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டு வந்தார். அடுத்த கேன்.

உள்ளே போன் அடித்தது. டியூபைப் போட்டுவிட்டு எழுந்தேன். மனைவி ஜன்னலுக்கு வந்து, விதைக் கம்பெனி ஆள், கடை ஏன் திறக்கவில்லை என்று கேட்கிறார் என்றாள். உட்கார்ந்தேன். மறுபடி அடித்தது. இந்தத் தடவை வாசற்படி வரைக்கும் போய்விட்டேன். கூப்பிட்டது அவள் தங்கை. அந்தக் கையோடு உள்ளே வராதீர்கள் என்று மனைவி கதவைப் பாதி சாத்திக்கொண்டாள். என் வீட்டு வாசலில் தீண்டத்தகாதவன் மாதிரி நின்றேன். அவள் உதடு காய்ந்திருந்தது. ஒரு வாய்த் தண்ணீராவது குடியேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

எனக்கு எல்லார் மேலும் கோபம் வந்தது. மெக்கானிக் மேல், அவர் மாமியார் மேல், விலையைக் குறைத்து வைத்திருக்கிற காரைக்கால் மேல், இத்தனை நாள் ஆக்குகிற ஆஸ்பத்திரி மேல். எள் விளக்கை வாங்கிக்கொண்ட சனீஸ்வரனையும் விடவில்லை. அவ்வளவு கோபத்துக்கும் அடியில் இருந்தது பயம்தான். அவள் இல்லாத வீட்டை நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அன்று காலையிலிருந்து அது ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருவழியாகப் பெட்ரோல் பாதிக்குக் கீழே போனது. பழைய பம்பைச் சாய்த்து மெல்ல வெளியே எடுத்தேன். அளவு காட்டுகிற மிதவையின் கம்பி வளைந்துவிடக் கூடாது. மோட்டாரை மாற்றி, புது வடிகட்டி மாட்டி, புது ரப்பரை டேங்கின் வாயில் வைத்தேன். பம்பை இறக்கிக்கொண்டிருக்கும்போது மூன்றாவது தடவை போன் அடித்தது.

இந்தத் தடவை அவள் ஜன்னலுக்கு வரவில்லை.

என் இரண்டு கையும் டேங்குக்குள் இருந்தன. விட்டால் ரப்பர் விலகிவிடும். கூடத்தில் அவள் குரல் மட்டும் கேட்டது. "சரிங்க டாக்டர்." மறுபடி "சரிங்க." நல்ல சேதிக்கும் மனுஷர் சரிங்க என்பார்கள், கெட்ட சேதிக்கும் சரிங்க என்பார்கள். பாய் என் முகத்தைப் பார்க்காமல் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் படிக்கு வந்து நின்றாள். முகம் எப்போதும்போல இருந்தது.

என்ன சொன்னார் என்றேன்.

"மொதல்ல அத மூடுங்க" என்றாள். "வெளக்கு ஏத்தணும்."

பாய்க்குப் புரிந்தது. அப்புறம் வருகிறேன் என்று மெதுவாகச் சொல்லி, கேன்களைத் திரும்பக் கேட்காமலே போனார். நான் வளையத்தைப் பொருத்தினேன். மரை ஏறவில்லை. எடுத்து மறுபடி வைத்தேன். என் வாழ்நாளில் ஒரு வேலையை அவ்வளவு நிதானமாகச் செய்ததில்லை. முடுக்கினேன், குழாய்களை மாட்டினேன், ஒயர்க் கொத்தைச் செருகினேன், சிந்தியதையெல்லாம் ஈரத்துணியால் துடைத்தெடுத்தேன். வாடை போகட்டும் என்று கார்க் கதவு, கொட்டகைக் கதவு எல்லாவற்றையும் விரியத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். பிறகு பேட்டரியை இணைத்துச் சாவியைத் திருப்பினேன். பின்னால் அந்த வண்டுச் சத்தம் வந்தது. வண்டி இரண்டாம் தடவையில் பிடித்துக்கொண்டது. வளையத்தைச் சுற்றித் தடவிப் பார்த்தேன், ஈரம் இல்லை. அணைத்துவிட்டுக் கிணற்றடிக்கு ஓடினேன்.

குளித்துவிட்டு வந்தபோது அவள் விளக்கை ஏற்றியிருந்தாள். கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டி உட்காரச் சொன்னாள். மாவிளக்கு தானாக மலையேறுகிற வரைக்கும் பேசக் கூடாது என்பது அவள் வீட்டு வழக்கம். நெய் தீர்ந்து, திரி கருகி, மாவு ஓரத்தில் சிவக்கிற வரைக்கும் அவள் கண்ணை மூடியிருந்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

விளக்கு மலையேறியது. ஒரு விள்ளல் மாவைப் பிட்டு என் கையில் வைத்தாள்.

"மத்ததுதானாம்" என்றாள். "சீக்கிரமே பாத்துட்டோமாம். திங்கக்கெழம வந்து சேரச் சொல்றாரு. ஆபரேஷன் பண்ணிட்டு, அப்புறம் கொஞ்ச நாளைக்குப் போய்ப் போய் வரணுமாம்."

நான் கத்தினேன். அவளிடம் கத்துகிற நேரமா அது, ஆனால் கத்தினேன். இவ்வளவு நேரம் ஏன் சொல்லவில்லை, அங்கே ஒரு ரப்பர் வளையத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு கிடந்தேனே, என்னை என்னவென்று நினைத்தாய் என்றேன். அவள் நான் முடிக்கிற வரைக்கும் பொறுத்தாள்.

"சொல்லியிருந்தா அப்படியே போட்டுட்டு ஓடியாந்திருப்பீங்க" என்றாள். "அப்புறம் யாரு மூடுறது? அதுல ஏறித்தானங்க நான் போவணும்."

கையில் இருந்த மாவை வாயில் போட்டேன். வெல்லமும் நெய்யும் தெரியவில்லை, பெட்ரோல்தான் தெரிந்தது. வண்டி ஓடுமா என்று கேட்டாள்.

ஓடும் என்றேன்.