ரெஜினா மேடம் ஏறாத லிஃப்ட்

ரெஜினா மேடம் போய்விட்டார். நேற்று காலை, ஹார்ட் அட்டாக். இன்று அடக்கம் முடிந்து, இப்போதுதான் கடைக்கு வந்து உட்கார்ந்தேன்.

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் காக்ஸ் டவுனில் அவர் இருந்த அபார்ட்மெண்டின் பிரசிடெண்ட், வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட மெசேஜை யாரோ எனக்கு ஃபார்வர்ட் செய்தார்கள். "நம் அன்புக்குரிய முன்னாள் செக்ரட்டரி"யாம்... அவரை முன்னாள் ஆக்கியதே நீங்கள்தானே சார்?

நான் லிஃப்ட் சாமான் விற்கிறவன். பூகம்ப சென்சார் வேண்டும் என்று தானாகக் கடைக்கு வந்து கேட்டவர் மேடம் ஒருவர்தான். பேங்க் வேலையில் குஜராத்தில் இருந்தபோது நிலம் ஆடியதைப் பார்த்தவர். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் கதவைத் தட்டிய சத்தத்தைக் கேட்டவர்.

"நம்ம பெங்களூருக்கு இதெல்லாம் தேவையா மேடம்?" என்றேன். வியாபாரி கேட்கக்கூடாத கேள்வி.

"விக்கிறியா, இல்ல பக்கத்துக் கடைக்குப் போகட்டா?"

மொட்டை மாடி மெஷின் ரூமில் கான்கிரீட் சுவரைத் துளைத்து, சென்சாரைப் போல்ட் போட்டு இறுக்கினோம். சுவரோடு சுவராக இருந்தால்தான் கட்டடம் ஆடுவது அதற்குத் தெரியும். தெரிந்தால் லிஃப்டைப் பக்கத்து மாடியில் நிறுத்திக் கதவைத் திறந்துவிடும். மேடம் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. "ம்... இப்ப டீ சாப்பிடலாம்."

அப்புறம் வந்தது ஆயுத பூஜை. மெஷின் ரூமில், சென்சாருக்கு நேர் கீழே, ஓங்கித் தேங்காய் உடைத்திருக்கிறார்கள். அந்த அதிர்வில் லிஃப்ட் இரண்டாவது மாடியில் நின்று, கதவைத் திறந்து, அப்படியே இருந்துவிட்டது. பிரசிடெண்ட் வீட்டு விருந்தாளிகள் எல்லாம் படியேறி வந்தார்கள்.

மீட்டிங். என்னையும் கூப்பிட்டார்கள்.

"நல்ல நாளும் அதுவுமா மானத்த வாங்குது மேடம் உங்க மெஷின்! ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க, கழட்டிடலாம்."

"அது வேலைய அது பண்ணுச்சு சார். தேங்காய வாசல் கேட் கிட்ட உடைங்க."

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் கை தூக்கச் சொன்னபோது பிரசிடெண்ட் பக்கம் தூக்கினார்கள். அதோடு மேடத்தின் செக்ரட்டரி பதவியும் போனது.

அடுத்த வாரமே சென்சாரைச் சுவரிலிருந்து கழற்றி, ஒரு சோபா ஸ்பாஞ்சின் மேல் உட்கார வைத்துவிட்டார்கள். யாராவது வந்து கேட்டால் காட்டுவதற்கு சென்சார் இருக்கிறது. பூமியே பிளந்தாலும் அது மெத்தையில் தூங்கும். கூசவில்லையா உங்களுக்கு?

அன்றிலிருந்து மேடம் லிஃப்டில் ஏறவில்லை. வீடு நாலாவது மாடி. இரண்டு முழங்காலிலும் வலி.

"ஏன் மேடம் இந்தப் பிடிவாதம்?" என்று போனில் கேட்டேன்.

"எனக்கா பிடிவாதம்? சுவத்துல திருப்பி மாட்டச் சொல்லு. அன்னிக்கே ஏறுறேன்."

படிதான் அவரைக் கொன்றது என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். ஆனால் காய்கறிப் பையோடு ஒவ்வொரு மாடியிலும் அவர் நின்று மூச்சு வாங்கியதை அந்த பில்டிங் முழுக்கப் பார்த்தது... போல்ட்டை இறுக்க மட்டும் ஒருவருக்கும் கை வரவில்லை.

இன்று சவப்பெட்டி லிஃப்டுக்குள் நுழையவில்லை. படி வழியாகத்தான் இறக்கினோம். பிரசிடெண்டும் தோள் கொடுத்தார். இரண்டாவது மாடியிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது.

சார், இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். மலர்வளையம் போதும். மெஷின் ரூம் சாவியைக் கொடுங்கள். துளைகள் அதே சுவரில் இருக்கின்றன, ஆள் என்னிடம் இருக்கிறான்.

போய் வாருங்கள் மேடம். இனி படி ஏற வேண்டாம்.