புதுப்பானைக் கூழ்

யுத்தம் இன்னும் தொடங்காத காலம். நெல்லியடிப் பக்கத்து மிஷன் பாடசாலை ஒன்றில் நான் படிப்பிக்கத் தொடங்கிய புதிது. எங்கள் சபையின் வேதாகமப் பெண் சனிக்கிழமைகளில் ஊர் ஊராகப் போய்ப் பெண்களுக்கு ஜெபக்கூட்டம் நடத்துவார். அவரை எல்லோரும் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவோம். பாட்டுப் படிக்க ஒரு தொண்டை வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தொண்டையோடு ஒரு வாயும் வரும் என்பதை அவர் யோசிக்கவில்லை, பாவம்.

அன்றைக்கு நாங்கள் போனது கடனீரேரிக் கரையில் இருந்த ஒரு சின்னக் குடியிருப்புக்கு. நண்டும் இறாலும் பிடித்து, தேங்காய்ப் பொச்சுமட்டை ஊறப்போட்டுக் கயிறு திரித்துப் பிழைக்கிற சனம். ஊரார் அவர்களைத் தங்கள் வீட்டு வளவுக்குள் எடுப்பதில்லை, அவர்கள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை. அவர்கள் வேதத்துக்கு வந்து ஒரு தலைமுறை ஆகியும், மிஷனிலிருந்து போகிற எங்கள் ஆட்கள் அந்த வழக்கத்தை மட்டும் விடவில்லை. கோயிலுக்குள்ளே எல்லோரும் ஒரே பிதாவின் பிள்ளைகள். வெளியே வந்தால் அவரவர் சோறு, அவரவர் தண்ணீர். பெரியம்மாவின் சோற்றுப் பொட்டலமும், வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் நிரப்பிய பித்தளைச் செம்பும் மாட்டுவண்டியில் எங்களுக்கு முந்தியே ஏறிவிட்டிருந்தன.

வண்டி அந்த ஒடுக்கமான ஒழுங்கையில் திரும்பியதும் தாளமும் பாட்டும் கேட்டது. குடியிருப்பு முழுக்க வெளியே வந்து நின்றது. எங்களை நடத்திக் கூட்டிப்போக மணலில் வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். அந்தச் சனத்துக்குத் துணி வெளுக்கிற எந்தக் கட்டாடி வந்து வெள்ளை விரிப்பான்? தங்கள் வேட்டியையும் சீலையையும் தாங்களே தோய்த்து, ஒன்றோடு ஒன்று சேர்த்து, வண்டி நின்ற இடத்திலிருந்து ஓலைக் கோயில் வாசல் வரைக்கும் போட்டிருந்தார்கள். ஒரு சீலையில் தையல் போட்ட இடம் என் காலுக்குத் தட்டுப்பட்டது. எனக்கு அழுகை வந்தது. அவர்களோ கலியாண வீட்டுக்காரர் மாதிரி சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

கோயிலைக் கூட்டிப் பெருக்கி விளக்கேற்றுகிற பெண் ஒருத்தி முன்னுக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். ஊரே அவரை அக்கா என்றது, நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் எங்களைக் கோயிலுக்குப் பக்கத்தில் போட்டிருந்த புதுப் பந்தலுக்குள் கூட்டிக்கொண்டு போனார். அங்கே மூன்று கல் வைத்து அடுப்பு. பக்கத்தில் ஒரு பெரிய புதுப்பானை. ஓலைப் பெட்டிகளில் கூழுக்கு வேண்டிய பனங்கிழங்கு ஒடியல் மா, பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி. ஓலைக் கடகத்துக்குள் நண்டுகள் உயிரோடு சரசரத்துக்கொண்டிருந்தன.

"பாருங்கோ அம்மா, நாங்கள் ஒண்டும் தொடேல்லை," என்றார் அக்கா பெரியம்மாவிடம். அவ்வளவு பெருமை அந்த முகத்தில். "பானை சந்தையிலை வாங்கினது, சாக்கோடை கொண்டந்து அப்பிடியே வைச்சிருக்கு. அகப்பையும் புதுசு. வாளியும் கயிறும் புதுசு, தண்ணியை உங்கடை வண்டிக்காரரே அள்ளட்டும். நீங்களே காய்ச்சி நீங்களே குடியுங்கோ. எங்கடை இடத்திலை இருந்து நீங்கள் சாப்பிடுறதைப் பாத்தாலே எங்களுக்குக் காணும்."

இதைவிட மரியாதையாக ஒரு விருந்தை யாரும் யோசித்திருக்க முடியாது.

பெரியம்மா பந்தலை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். "உந்த வெக்கையிலை எனக்கு அடுப்படியிலை நிக்கேலாது. நான் சோறு கட்டிக்கொண்டு வந்திருக்கிறன். நீ ஒண்டும் மனசிலை வைச்சுக்கொள்ளாதை."

அக்கா சிரிப்பை விடாமல் "ஓம் அம்மா" என்றார். ஆனால் பின்னால் நின்றவர்களின் தாளம் நின்றுவிட்டது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நான் காய்ச்சுறன்," என்றேன்.

பெரியம்மா திரும்பிப் பார்த்தார். "உனக்குக் கூழ் காய்ச்சத் தெரியுமோ?"

"குடிக்கத் தெரியும். காய்ச்சிறது என்ன பெரிய வித்தையே?"

பெரிய வித்தைதான். ஆனால் சொன்ன சொல்லை விழுங்குகிற பழக்கம் எனக்கு இல்லை. சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். ஒரு நண்டு என் விரலைக் கவ்விக்கொண்டது. புகை கண்ணை நிறைத்தது. உப்புப் போட்டேனா இல்லையா என்று மறந்து இன்னொரு கை அள்ளிப் போட்டேன். பந்தலுக்கு வெளியே நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். உதவிக்கு ஒருவரும் உள்ளே வரவில்லை. வந்தால் பானை தீட்டு என்று பயம். பெரியம்மா கோயில் நிழலில் கதிரை போட்டு, செம்பை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

அக்கா பந்தல் காலோடு நின்று என்னோடு கதைத்தார். அப்போதுதான் பூவரச மரத்தடியில் இருந்த ஓர் ஆளை எனக்குக் காட்டினார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார் அவர்.

"எங்கடை வீட்டுக்காரர். இந்தக் கோயிலுக்கு மரம் தறிச்சு ஓலை மேஞ்சது அவர்தான். போன முறை வந்தவை எங்கடை சோத்தைத் தொடாமல் வண்டிக்குள்ளை இருந்து தங்கடையைத் திண்டிச்சினம். அண்டையிலை இருந்து மனிசன் கோயில் வாசல் மிதிக்கேல்லை. மிஷனிலை ஒரு பெரிய ஆள் எங்கடை அடுப்பிலை சாப்பிடட்டும், பிறகு வாறன் எண்டு சொல்லிப்போட்டார்." குரலைத் தாழ்த்தினார். "அதுதான் பிள்ளை இவ்வளவும் செய்தனான். அவர் இல்லாமல் நான் தனியப் போய் முழங்காலிலை நிக்கிறது எனக்கு ஏலாமல் கிடக்கு."

நான் சாப்பிட்டால் கணக்கில்லை என்பது எனக்கு விளங்கியது. பெரியம்மா சாப்பிட வேண்டும். எனக்குக் கோபம் கோபமாக வந்து, அகப்பையால் பானையை மூர்க்கமாகக் கிண்டினேன்.

மணலில் ஊன்றியிருந்த அடுப்புக்கல் ஒன்று உள்ளே இறங்கியது. பானை என் பக்கம் சரிந்தது. நான் விலகவுமில்லை, பிடிக்கவுமில்லை, மரம் மாதிரி நின்றேன். அக்கா பாய்ந்து வந்து இரண்டு கையாலும் பானையைப் பிடித்து நிமிர்த்தி, காலால் கல்லைத் தள்ளி நேராக்கினார். ஒரு சொட்டுக் கூழ்கூடச் சிந்தவில்லை.

அக்கா பின்னுக்கு நகர்ந்து கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"பிழை விட்டிட்டன் அம்மா," என்றார். "தொட்டுப்போட்டன்."

பெரியம்மா மடியிலிருந்த செம்போடு கதிரையை விட்டு எழும்பினார். அந்தக் கனத்த மனுஷி அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. "கையைக் காட்டு," என்றார்.

அக்கா தலையை ஆட்டினார்.

"காட்டு எண்டு சொல்லுறன்." பின்னாலிருந்து ஒரு கையை இழுத்துப் பார்த்தார். உள்ளங்கை சிவந்து பொக்களிக்கத் தொடங்கியிருந்தது. அதை அப்படியே தன் பித்தளைச் செம்புக்குள் அமிழ்த்தினார். பிறகு மற்றக் கையை எடுத்து மாறி அமிழ்த்தினார்.

"அம்மா, அது நீங்கள் குடிக்கிற தண்ணி."

"கதையாதை. வைச்சிரு."

யோசித்துச் செய்தாரா, யோசிக்காமல் செய்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. சுற்றி நின்றவர்கள் செம்பையே பார்ப்பதை அவர் கண்டார். அவருடைய முகத்தில் ஏதோ ஒன்று இளகியது.

"ஏன் எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கிறியள்? கூழ் ஆறுது. ஊத்துங்கோ."

"பானையைத் தொட்டிட்டன் அம்மா," என்று அக்கா திரும்பவும் சொன்னார். "பிள்ளை இன்னொருக்காக் காய்ச்சட்டும்."

"இவளோ? இவள் இன்னொருக்காக் காய்ச்சினால் நாங்கள் நாளைக்குத்தான் ஊர் போய்ச் சேருவம்."

அப்போது எழும்பின சிரிப்பு ஏரிக்கு அந்தக் கரைக்கும் கேட்டிருக்கும். பனையோலையில் கோலிய பிளாக்கள் வந்தன. பந்தலுக்கு வெளியே நின்றவர்கள் உள்ளே வந்தார்கள். அக்காவின் தங்கையே அள்ளி ஊற்ற, பெரியம்மா மணலில் சம்மணங்கட்டி உட்கார்ந்து ஒரு பிளா முழுக்கக் குடித்தார். நண்டுக் காலைக் கடித்து உறிஞ்சினார். அந்தக் கூழை நானும் குடித்தேன், ஆகையால் அது சின்ன விஷயமல்ல என்று சொல்கிறேன். வாய் வைக்க முடியாத உப்பு. அந்தச் சனம் அதை "நல்ல ருசி பிள்ளை" என்று இரண்டாம் முறையும் கேட்டு வாங்கியது.

உப்பு தன் வேலையைக் காட்டியது. பெரியம்மா தொண்டையைத் தடவிக்கொண்டு செம்பைப் பார்த்தார். அதற்குள் அக்காவின் கை இருந்தது.

"குடிக்க ஆராவது கொஞ்சம் தண்ணி தாங்கோ," என்றார்.

அவர்களிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. யார் கொடுப்பதென்று தெரியாமல் ஆளை ஆள் பார்த்தார்கள். பூவரச மரத்தடியில் வலை கீழே விழுந்தது. அந்த மனிதர் எழும்பி, கிணற்றடிக்குப் போய், தங்கள் பழைய வாளியால் அள்ளி, தங்கள் வீட்டுப் பேணியில் ஊற்றிக் கொண்டுவந்து நீட்டினார். பெரியம்மா அண்ணாந்து குடிக்கவில்லை. விளிம்பில் வாய் வைத்து, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.

அந்த மனிதர் வெறும் பேணியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"ஜெபம் எத்தினை மணிக்கு?" என்று கேட்டார்.

"நீங்கள் வந்தாப் பிறகுதான்," என்றார் பெரியம்மா.

"அப்ப, சட்டை போட்டுக்கொண்டு வாறன்."

விறுவிறு என்று குடிசைப் பக்கம் நடந்தார். அவ்வளவு காலம் போடாத சட்டை எங்கே கிடக்கிறதென்று அந்த மனிதருக்குத் தெரியுமா என்ன? அக்கா செம்பிலிருந்து கையை எடுத்து, சொட்டச் சொட்ட அவருக்குப் பின்னால் ஓடினார்.