ஒரு விரல்கடை பெரிய மாப்பிள்ளை

சக்கரபாணி என்ற பெயரை வேல்விழி முதன்முதலாகக் கேட்டது, அவளை வேண்டாம் என்று சொன்ன மனிதரின் பெயராகத்தான். போன தை மாதத்துச் சேதி அது. அவள் கட்டிக்கொள்ள நினைத்திருந்த பாரி போனில் கூப்பிட்டு, நாலு தரம் தொண்டையைச் செருமி, கடைசியில் சொன்னான்.

"சக்கரபாணி மாமா ஒத்துக்கல விழி. நீ என்னைவிட ரெண்டு விரல்கடை ஒசரமாம்."

"அளந்து பாத்தாரா?"

"என்னை அளந்தாரு. உன் ஒசரம் ஜாதகத்துக்குப் பின்னாடி எழுதியிருந்துது."

"எங்கப்பா ஏன் அத எழுதி வச்சாரு?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

பாரிக்குத் தகப்பனார் இல்லை. அவன் அம்மா தனக்கோடி, கூடப்பிறந்த அண்ணன் சக்கரபாணி தலையசைக்காமல் ஒரு குடம்கூடப் புதுசாக வாங்கமாட்டாள். தாய்மாமன் வாயிலிருந்து 'சரி' என்று ஒரு சொல் வந்தால்தான் தட்டு மாற்ற வருவார்கள். அப்பாவைத் தலைகுனிய வைத்துவிட்டு ஓடிப்போக வேல்விழிக்கு மனமில்லை. பாரிக்கு அதற்குத் துணிச்சலும் இல்லை. அந்த ஒற்றைச் சொல்லில் அவள் கல்யாணம் தொங்கிக்கொண்டிருந்தது.

சக்கரபாணி விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் முப்பத்து நாலு வருஷம் அச்சு செய்தவர். டீக் கோப்பை, பிள்ளையார், ஊறுகாய் ஜாடி என்று அவர் அச்சில் வார்க்காத உருப்படி இல்லை. வேலையை விட்ட பிறகும் சட்டைப் பையில் இஞ்சு டேப் இருக்கும். கம்மாபுரம் முதல் திட்டக்குடிப் பக்கத்து மங்களூர் வரைக்கும் உறவுமுறையில் நாற்பத்தோரு கல்யாணம் முடித்து வைத்தவர். ஒரு பெண்கூடப் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்ததில்லை என்பார். இரண்டு பேர் வந்தார்கள்; அதற்குக் கிரகத்தைக் காரணம் சொல்வார். அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று: மாப்பிள்ளை பெண்ணைவிட ஒரு விரல்கடையாவது பெரிதாக இருக்கவேண்டும். ஏன் என்று கேட்டால் பதில் பேட்டையிலிருந்து வரும்.

"பச்சையா இருக்கற கோப்பை சூளைக்குள்ள போனா எட்டுல ஒரு பங்கு சுருங்கும். ஆம்பளையும் அப்பிடித்தான். கல்யாணம்னு ஒரு சூளைக்குள்ள போனா சுருங்கிடுவான். அதனால எடுக்கும்போதே பெரிசா எடுக்கணும்."

மாசி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். ஜங்ஷன் ரோட்டில் வேல்விழியின் அப்பா கலியமூர்த்தி வைத்திருக்கும் வண்ணமீன் கடைக்கு ஒரு பெரியவர் வந்தார். குள்ளமான உருவம், விறைத்த நடை. கடையில் வேல்விழி மட்டும் இருந்தாள். உப்புத் தண்ணீர் மீன்களை அவள்தான் பார்த்துக்கொள்வாள், விலங்கியல் படித்தவள்.

"கோமாளி மீனு ஒண்ணு வேணும்மா. மாப்பிள்ளை" என்றார் பெரியவர்.

விசாரித்ததில் விஷயம் வந்தது. மகன் பிரபாகரன் வேலைக்காக சிங்கப்பூர் போகும்போது மூன்றடிக் கண்ணாடித் தொட்டியை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறான். அதில் ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஒரு ஜோடி. பொட்டலத்து உப்பைக் கரைத்து, அளவு பார்த்து, அவை படுக்க வெள்ளைச் சட்டி ஒன்றைத் தானே வார்த்து வைத்து, ஒரு வருஷமாகப் பெரியவர்தான் வளர்க்கிறார். பெரிய மீன் அந்தச் சட்டியில் முட்டையிட்டதைக் கண்ணாலேயே பார்த்தாராம். போன வாரம் சின்ன மீன் தொட்டியை விட்டுத் துள்ளி வெளியே விழுந்து செத்துவிட்டது.

"ஏன் குதிச்சான் தெரியுமா? பொண்டாட்டி அவனைவிட ஒசரம். பொருந்தாத சம்பந்தம். எம் மவன் பாக்காம எடுத்துட்டான். இந்தத் தரம் அவளைவிட ஒரு விரல்கடை பெரிசா குடு."

மூடி போடாமல் வைத்தால் எந்த மீனும் குதிக்கும் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பில் புத்தகத்தைப் பார்த்து, "பேரு எழுதிக்க. சக்கரபாணி. அச்சு சக்கரபாணின்னா பேட்டையில தெரியும்" என்றார்.

வேல்விழியின் பேனா நின்றது. நல்லவேளையாக அவள் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து நின்றிருந்தால் அவர் டேப்பை எடுத்திருப்பார். கேட்டதைக் கொடுத்து அனுப்பிவிடு, பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்றது ஒரு மனம். வாயில்லாத மீன் என்ன பாவம் செய்தது என்றது இன்னொன்று.

"ஐயா, இந்த மீனுங்க பொறக்கும்போது எல்லாமே ஆணுதான். கூட இருக்கறதுல எது பெரிசோ அது பொண்ணா மாறிடும். ரெண்டு பெரிசை ஒரே தொட்டியில வுட்டா, நான்தான் பொண்டாட்டி, நான்தான் பொண்டாட்டின்னு ரெண்டும் அடிச்சிக்கும். நீங்க மாப்பிள்ளை கொண்டுபோவல. சக்களத்திய கொண்டுபோறீங்க."

பெரியவர் சிரித்தார். "நாப்பத்தியோரு கல்யாணம் முடிச்சவங்கிட்ட சொல்ற பேச்சாம்மா இது? அந்த மூலையில இருக்குறானே, அவனைப் புடி."

பிடித்துக் கொடுத்தாள். பையைக் கட்டும்போது, "சண்டை வந்தா உடனே கூப்பிடுங்க" என்று கடை நம்பரையும் எழுதிக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் காலையில் ஒரு பெண்குரல் கூப்பிட்டது. "மீனு கடையா? நான் சக்கரபாணி வூட்ல பேசறேன், பாஞ்சாலை. நீ சொன்ன மாதிரியே ஆயிடுச்சும்மா. ஒண்ணு ஒண்ணை முட்டுது, கடிக்குது. இவரு தொட்டி முன்னால ஒக்காந்துக்கிட்டு, அனுசரிச்சிப் போங்க, அனுசரிச்சிப் போங்கன்னு மீனுகிட்ட புத்தி சொல்லிக்கிட்டு இருக்காரு. சோறும் எறங்கல."

வேல்விழி ஒரு குட்டி மீனையும் பையில் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பினாள். போய்ப் பார்த்தால், புது மீன் பம்புக்குப் பின்னால் வால் கிழிந்து ஒண்டியிருந்தது. பழையதின் துடுப்பும் நைந்திருந்தது. பிளாஸ்டிக் கூடையைத் தொட்டிக்குள் இறக்கி, புது மீனை மடக்கி வெளியே எடுத்தாள். பிறகு குட்டியைப் பையோடு மிதக்கவிட்டு, தண்ணீர் பழகியதும் திறந்துவிட்டாள். பனியன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த சக்கரபாணிக்கு முகம் சுண்டிப்போயிருந்தது.

குட்டி மீன் பெரிய மீனின் பக்கத்தில் போய் ஒருக்களித்துக்கொண்டு உடம்பெல்லாம் உதறியது.

"வலிப்பு வந்துட்டுதா?" என்று எழுந்தார்.

"இல்லீங்க ஐயா. நீதான் பெரியவ, நான் அடங்கி இருக்கேன்னு சொல்லுது. முட்டை வச்சா விசிறிக்கிட்டுக் காவல் காக்கறதும் இதுதான்."

"நல்ல புருசன்" என்றாள் பாஞ்சாலை.

சக்கரபாணி வேல்விழியை அப்போதுதான் நிமிர்ந்து, நன்றாகவே நிமிர்ந்து பார்த்தார். "யாரு மவம்மா நீ?"

"கலியமூர்த்தி மவங்க."

"எந்தக் கலியமூர்த்தி? கருவேப்பிலங்குறிச்சியில மாணிக்கவேலுக்கு ரெண்டாவது மச்சானா?"

"அவருதாங்க. நீங்க ஒசரம்னு வேணாம்னு சொன்னீங்களே, அந்தப் பொண்ணு நான்தான்."

பாஞ்சாலை உள்ளே போய், பீரோ மேலிருந்து சட்டம் போட்ட போட்டோ ஒன்றைக் கொண்டுவந்து முந்தானையால் துடைத்தாள். கல்யாணப் போட்டோ. மாலையும் கழுத்துமாக இரண்டு பேரும் ஒரே உயரத்தில் நின்றார்கள்.

"கீழ பாரும்மா, வேட்டிக்கு அடியில" என்றாள்.

வேட்டி விளிம்புக்குக் கீழே ஒரு மணைப்பலகை தெரிந்தது.

"அத ஏண்டி இப்ப எடுத்தாந்த?" என்றார் சக்கரபாணி. பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார். "நாப்பது வருசமா ஊரு சிரிச்சிது. ஏணி வச்சி தாலி கட்டுனியாடான்னு பேட்டையில கேக்காதவன் இல்ல. எந் தங்கச்சி புள்ள அந்தப் பேச்சு வாங்கக்கூடாதுன்னுதாம்மா சொன்னேன். உம்மேல எனக்கு ஒரு கொறையும் இல்ல."

"சிரிச்சவன்ல எவன் வந்து, நீங்க காமாலையில கெடந்தப்ப கீழாநெல்லி அரைச்சிக் குடுத்தான்?" என்று கேட்டாள் பாஞ்சாலை.

அவர் போட்டோவை வாங்கிக் கவிழ்த்து வைத்தார். "பாரிக்கு இந்தப் பேச்சு வரும்மா. தாங்குவானா?" என்றார் வேல்விழியிடம்.

"தாங்கலன்னா நான் பதில் சொல்லிக்கறேங்க."

அவர் திரும்பித் தொட்டியைப் பார்த்தார். குட்டி இன்னும் உதறிக்கொண்டிருந்தது. "நாலு நாள் பாப்போம்" என்றார். எதை என்று சொல்லவில்லை. வேல்விழி கிழிந்த வால் மீனை எடுத்துக்கொண்டு திரும்பினாள். அந்த நாலு நாளும் பாரி போன் செய்யும்போதெல்லாம், "குட்டி சாப்பிடுதான்னு கேட்டுச் சொல்லு" என்பதைத் தவிர அவளுக்கு வேறு பேச்சில்லை. அவனும் மாமா வீட்டுக்குப் போய்ப் போய்ப் பார்த்துச் சொன்னான்.

ஐந்தாம் நாள் காலை, கலியமூர்த்தி ஷட்டரைத் தூக்கும்போதே சக்கரபாணி வாசலில் நின்றார். பின்னால் தனக்கோடி, வெற்றிலை பாக்குத் தட்டோடு. அவளுக்கும் பின்னால் பாரி.

"மீனு எப்படி இருக்குதுங்க ஐயா?" என்றாள் வேல்விழி.

"ரெண்டும் ஒரே சட்டியில படுத்துத் தூங்குது. அந்தப் பொடிப்பய என்னமா சாப்புடறாங்கிற." அவர் கலியமூர்த்தி பக்கம் திரும்பினார். "மச்சான், எனக்குச் சரி. உங்களுக்கு எப்படின்னு கேட்டுட்டுப் போவலாம்னு வந்தோம்."

வைகாசியில் கொளஞ்சியப்பர் கோயிலில் கல்யாணம் நடந்தது. பந்தியில் ஒருவன் ஏணிப் பேச்சை எடுத்தான். அவன் இலைக்கு இரண்டாம் தரம் பாயசம் போகாமல் பாஞ்சாலை பார்த்துக்கொண்டாள். வேல்விழி புகுந்த வீடு போனதும் கடையில் உப்புத் தண்ணீர் மீன்களுக்குக் காலை நேரத்தில் ஆளில்லாமல் போயிற்று. கலியமூர்த்திக்கு உப்பு அளவு பார்க்கக் கை வராது.

சக்கரபாணி இப்போது ஜங்ஷன் ரோட்டு மீன் கடையில், காலை ஒன்பது மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும் இருக்கிறார்.