மல்லிகைக்கு ஊற்றிய நல்ல தண்ணீர்

நிலம் உறைவதற்கு முன் பூஞ்செடிகளின் வேர் நனைய ஒருமுறை தண்ணீர் விடவேண்டும். ரொறன்ரோவில் இலைகள் கொட்டி முடிகிற நாளில் குழாயைப் பிடிப்பேன். ஈரமண் மணக்கும். உடனே வேலணைத் தீவில் எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்பேன்.

எங்கள் வீட்டு வளவுக் கிணறு உவர். குடிக்கிற நல்ல தண்ணீர் வீட்டுக்கு முன்னால் போகிற ஒழுங்கையின் முடக்கிலிருந்த கிணற்றிலிருந்து குடத்தில் வரும். மல்லிகைக்கு அரிசி கழுவின தண்ணீர்தான். ஆமி வருகிறதென்று ஊரே வெளிக்கிட்ட அன்று, அம்மா குசினியில் குடிக்க வைத்திருந்த இரண்டு குடத்தையும் மல்லிகையடியில் ஊற்றினார்.

“எல்லாரும் போறம். வருமட்டும் இதாவது உயிரோட கிடக்கட்டும்.”

“மாடுகளை அவிட்டுவிட்டு நாளைக்கு வாறன்,” என்றார் அப்பா.

நாங்கள் அவரில்லாமல் வள்ளமேறினோம். மறுநாள் வள்ளம் ஓடவில்லை. குடிக்கத் தண்ணீர் இல்லாமல் அப்பா குடத்தோடு ஒழுங்கைக்கு இறங்கியிருக்கிறார். கிணற்றடியில் துப்பாக்கிச் சூடுபட்டுக் கிடந்தாரென்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். பக்கத்தில் வெறுங்குடமாம்.

அம்மா இப்போது என்னோடு இருக்கிறார். நான் தண்ணீர் விடுவதைக் யன்னல் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்ப்பார். நான் உள்ளே வந்ததும் ஒவ்வொரு வருடமும் கேட்பார்.

“குடிக்கிறதுக்கு எடுத்து வைச்சிட்டியே, தம்பி?”