மாரியம்மாள் அத்தையின் ‘மருந்துத் தூசி’

இன்று காலை பள்ளிக்குப் போகும் பேருந்தில், பக்கத்து வீட்டு மாரியம்மாள் அத்தை என் அருகே உட்கார்ந்திருந்தார். ஏழாயிரம்பண்ணையில் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர்.

முகமெல்லாம் வியர்வை. இடது கையைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தார். தாடையும் வலிக்கிறது என்றார்.

“என்ன செய்யுது அத்தே?”

“பட்டாசு மருந்துத் தூசி நெஞ்ச அடைக்குது தாயி. கருப்பட்டியக் கடிச்சா எறங்கிரும்.”

முன் இருக்கை அக்கா உடனே கருப்பட்டியை நீட்டினார்.

நூலகப் புத்தகத்தில் படித்த மாரடைப்பு அறிகுறிகளை நான் வரிசையாகச் சொன்னேன்.

“ஒம் புத்தகத்த மூடு. இன்னைக்குத்தான் வெயிலே அடிக்கு, லீவு போடச் சொல்றியாக்கும்!”

“அத்தே, மழைனு நாலு நாளாக் கம்பெனியே தொறக்கல. தூசி எங்கன இருந்து வந்துச்சு?”

அத்தை கருப்பட்டியை வாயில் போட்டுக்கொண்டார். நடத்துநர்தான் பேசினார். “பிள்ள கேக்குறது சரிதானக்கா? டிரைவரண்ணே, நேரா ஆஸ்பத்திரிக்கு விடுங்க!”

மாரடைப்பேதான். நேரத்தோடு வந்ததால் பிழைத்தார் என்றார் மருத்துவர்.

சாயங்காலம் பார்க்கப் போனேன்.

“சீசன் நேரத்துல படுக்க வச்சிட்டியேடி” என்று திட்டினார். திட்டுவதற்குத் தெம்பு வந்துவிட்டதே என்று சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

மாரடைப்புக்கு எங்கள் ஊரில் மருந்துத் தூசி என்று பெயர். உங்கள் ஊரில் என்ன, வாயுவா?