பொட்டு வைத்த ரூட்டர்

இங்கே ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை சுவரில் துளை போடக்கூடாது. அது எனக்குத் தெரிந்ததே ட்ரில்லிங் மெஷினைக் கையில் பிடித்திருந்தபோதுதான். ரூட்டர் இருக்கும் அறையிலிருந்து கூடத்து டிவி வரைக்கும் கேபிள் இழுத்துக்கொண்டிருந்தேன். வைஃபையில் படம் நின்று நின்று ஓடியது. நேராகக் கேபிளில் கொடுத்தால் நிற்காது என்று என் கணக்கு. அழைப்பு மணி அடித்தது. கீழ்வீட்டுக்காரம்மா ஃப்ராவ் கெல்லர். “ஹாய்ட்டே இஸ்ட் ஸோன்டாக்,” என்றார், இன்று ஞாயிறு என்று. “யா, யா!” என்று நானும் சிரித்தேன். ஞாயிறு என்பதால்தானே எனக்கு நேரமே கிடைத்தது! உள்ளே வாங்க, காபி குடிக்கலாம் என்று வேறு சொல்லி வைத்தேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, என் மனைவி மாலாதான் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டாள். மெஷினுக்குக்கூட வாரம் ஒரு நாள் ஓய்வாம். நல்ல ஊருடா சாமி என்று அன்று முழுக்கப் புலம்பினேன்.

எனக்கு என்ன அவசரம் என்றால், ஆயுத பூஜை நெருங்கிக்கொண்டிருந்தது. திண்டுக்கல் நாகல் நகரில் எங்கள் வீட்டை ஒட்டியே அப்பாவின் மாவு மில். இங்கு வந்த பிறகு ஒரு பூஜைக்கும் லீவு அமையவில்லை. அப்பா சாம்பிராணிப் புகையோடு மெஷின் மெஷினாகச் சுற்றி வருவதை இந்த வருஷமாவது பார்த்துவிட வேண்டும் என்று வெறியே பிடித்திருந்தது. அதற்காகவே கோடையில் ஊருக்குப் போனபோது வீட்டுக் கூடத்தில் ரூட்டர் வைத்தேன். சுவர் கனம், வைஃபை மில்லுக்குள் எட்டியே பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகக் கேபிள் இழுத்து மில்லில் இன்னொரு பெட்டி, அதற்கு மேலே ஒரு கேமரா. மாவு படியாமல் இருக்க அப்பா அந்தப் பெட்டிக்கு ஒரு பிளாஸ்டிக் கவரும் மாட்டிவிட்டார்.

“ஏலே, இம்புட்டூண்டு டப்பா ஜெர்மனி வரைக்கும் இழுக்குமாடா?”

“இழுக்கும்ப்பா. ஆஃப் மட்டும் பண்ணிராதீங்க.”

பூஜையன்று அரை நாள் லீவு போட்டேன். தட்டில் பொரி, பொட்டுக்கடலை எல்லாம் ரெடி. டிவியைப் போட்டால் கறுப்புத் திரை. இந்தப் பக்கம் ரூட்டரில் எல்லா விளக்கும் பச்சையாகத்தான் எரிகிறது. அப்பா போனை எடுக்கவில்லை. கடைசியில் அம்மாவின் பட்டன் போனுக்கு அடித்தேன்.

“ரூட்டர்ல லைட்டு எரியலையாம்மா?”

“எப்படிப்பா எரியும்? ரெண்டு டப்பாவையும் கழட்டி, தொடச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, மில்லுல சாமி படத்துக்கு முன்னாடி வச்சிருக்கோம். கேமராவும் அப்பா போனும் அங்கனதான் இருக்கு. வருசம் பூரா ஓடுது, இன்னைக்கு ஒருநா சும்மா கெடக்கட்டும்னுட்டாரு அப்பா.”

“ஐயோ அம்மா! பூசையப் பாக்கத்தானே அம்புட்டையும் மாட்டுனேன்!”

“அதுக்காக, நீ வாங்கிக் குடுத்த சாமானுக்கு மட்டும் பொட்டு வைக்காம விட முடியுமா?”

எனக்கு வந்த கோபத்திலும் ஃப்ராவ் கெல்லரின் முகம்தான் முதலில் ஞாபகம் வந்தது. சிரித்துவிட்டேன். இந்த வருஷமும் போச்சு.

“அப்பு, வச்சிராத, செத்த நேரம் இரு. அப்பா சூடம் ஏத்திட்டாரு,” என்றாள் அம்மா. ஸ்பீக்கரில் போட்டேன். மணிச்சத்தம் கேட்டது. “இந்தப் போனைச் சூடத்துக்கிட்ட காட்டுறேன். ஒத்திக்க.”

அந்தப் போனில் கேமராவே கிடையாது. நான் எழுந்து, வீட்டுச் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, அந்தக் கறுப்பு டிவிக்கு முன்னால் நின்று இரண்டு கையாலும் கண்ணில் ஒத்திக்கொண்டேன்.